பாதியில் நின்ற மென்பொருளின் மிச்சம்

கேள்வி: அல்சூரில் தையல் கடை நடத்துகிறேன். கடைக் கணினியில் கணக்கு மென்பொருளை நிறுவும்போது மூன்று முறை மின்சாரம் போய்ப் பாதியில் நின்றுவிட்டது. இப்போது ‘ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது’ என்கிறது, நீக்கவும் முடியவில்லை. சி டிரைவில் 4 ஜிபிதான் மிச்சம். விண்டோஸுக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற கோப்புறை மட்டும் 11 ஜிபி இருக்கிறது. அதை அழித்துவிடலாமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: வேண்டாம் அம்மா, அதில் கை வைக்காதீர்கள். பெயரைப் பார்த்தால் குப்பை போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு மென்பொருளைப் பழுதுபார்க்கவோ நீக்கவோ விண்டோஸ் முதலில் தேடுவது அந்தக் கோப்புகளைத்தான். எஸ்.பி. ரோட்டில் உள்ள என் பட்டறைக்கு ஓர் அச்சகக்காரர் கணினியைத் தூக்கி வந்தார். இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையைக் காலி செய்திருந்தார். எந்த மென்பொருளை நீக்கப் போனாலும் மூலக் கோப்பைக் காட்டு என்று ஒரு பெட்டி திறந்தது. அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. கடைசியில் விண்டோஸையே புதிதாக ஏற்றினோம்.

நிறுவல் இடையில் தோற்றால், எழுதியதையெல்லாம் அதுவே அழித்துக்கொண்டு பின்வாங்கும். மின்சாரம் போனால் அதற்கும் நேரம் இருப்பதில்லை. எந்தெந்த மென்பொருள் இருக்கிறது என்று விண்டோஸ் குறித்துவைக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’ என்ற பதிவேட்டில் அரைகுறைப் பதிவு தங்கிவிடுகிறது. உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அதுதான். மைக்ரோசாஃப்டின் உதவித் தளத்தில், நிறுவல் மற்றும் நீக்கல் சிக்கல்களைத் தீர்க்கும் சிறு கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘நீக்குதல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் உங்கள் மென்பொருளைக் காட்டுங்கள். ரெஜிஸ்ட்ரியை நீங்களே திறந்து திருத்த வேண்டாம்.

பிறகு கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, அமைப்புகளில் சிஸ்டம், ஸ்டோரேஜ், தற்காலிகக் கோப்புகள் என்று போங்கள். அங்கே ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்; வாடிக்கையாளர் அனுப்பிய அளவுக் குறிப்புகள் அதில் கிடக்கலாம். மற்றவற்றைத் தாராளமாக நீக்குங்கள்.

‘புரோகிராம் ஃபைல்ஸ்’, ‘புரோகிராம் டேட்டா’ இரண்டிலும் அந்த மென்பொருளின் பெயரில் கோப்புறை எஞ்சியிருக்கும். உடனே அழிக்காதீர்கள். முன்பு அதன் பழைய பதிப்பைப் பயன்படுத்தியிருந்தால், உங்கள் வரவு செலவு அதற்குள்தான் இருக்கக்கூடும். முதலில் பென் டிரைவில் நகல் எடுங்கள்.

நான்காம் முறை நிறுவும்போது, பக்கத்துக் கடையிலாவது ஒரு யூ.பி.எஸ். கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.