பாட்டு அப்புறம், முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: கனடாவின் சிம்கோ ஏரிப் பக்கம் 1988இல் செய்த 19 அடி பவர் போட் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டேன். மெர்க்ரூசர் 4.3 லிட்டர் வி6 எஞ்சின், ஓடுகிறது. தரையில் ஓரிடத்தில் கால் வைத்தால் கொஞ்சம் அமுங்குகிறது. இந்தக் கோடைக்குள் நான்கு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் எல்லாம் போட வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். என்ன வாங்கலாம்?
– ஸ்கார்பரோ வாசகர்

பதில்: நீங்கள் ஸ்பீக்கர் கேட்டீர்கள், என் கண் அந்த ‘அமுங்குகிறது’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் படகுகள் பெரும்பாலானவற்றில் வெளியே தெரிவதுதான் ஃபைபர், உள்ளே பிளைவுட். தரை, அதற்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர், விசிறியைச் சுழற்றும் எஞ்சின் டிரைவைத் தாங்கும் பின்சுவரான டிரான்சம் எல்லாமே மரம். யாரோ எப்போதோ சீலண்ட் வைக்காமல் முடுக்கிய ஒரு திருகாணி ஓட்டை போதும், தண்ணீர் உள்ளே போய் வருடக்கணக்கில் இருந்து மரத்தை ஊறவைத்த அவல் மாதிரி ஆக்கிவிடும்.

ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து டிரான்சத்தையும் தரையையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். ‘டக் டக்’ என்று கேட்டால் நல்லது, ‘தொப்’ என்றால் சந்தேகம். சந்தேகமான இடத்தில் உட்புறமிருந்து சின்னத் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள், வெளிறிய காய்ந்த தூள் என்றால் பிழைத்தீர்கள். கறுத்து ஈரமாக வந்தால் தரையைப் பெயர்க்க வேண்டியதுதான். துளையை எபாக்சிப் பசை வைத்து அடைக்க மறக்காதீர்கள். தரைக்குக் கீழே அடைத்திருக்கும் நுரையும் தண்ணீர் குடித்திருக்கும், சில படகுகள் அதனாலேயே எருமை மாதிரி கனக்கும்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்தான். என் பழைய படகில் ஆசைப்பட்டு முதலில் பாட்டுப்பெட்டியைப் பூட்டினேன், அடுத்த வசந்தத்தில் தரை போய்விட்டது, இழுத்து வைத்த வயர் அத்தனையையும் வெட்டித்தான் தரையை எடுக்க முடிந்தது. தரை திறந்திருக்கும்போதே பின்னாலிருந்து முன்னால் வரை ஒரு பிளாஸ்டிக் குழாயைப் போட்டு, உள்ளே ஒரு கயிற்றையும் விட்டுவைத்தால் பிறகு எந்த வயரையும் ஐந்து நிமிடத்தில் இழுக்கலாம்.

பின்னால் டிரைவில் இருக்கும் ரப்பர் பெல்லோஸை (மடிப்பு மடிப்பான உறை) விரித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறி, கட்டி வைத்த இடத்திலேயே படகு மூழ்கும். எஞ்சின் ஆயில் பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்னவர் குளிர்காலத்துக்கு முன் எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் அது உறைந்து எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கையே பிளந்திருக்கலாம்.

கேள்வி: சரி, வீட்டில் கார் ஆம்ப்பும் கார் ஸ்பீக்கரும் சும்மா கிடக்கின்றன. அதைப் போட்டால் என்ன? (அதே வாசகர்)

பதில்: ஏரித் தண்ணீரில் உப்பு இல்லை, உண்மைதான், ஆனால் வெயிலும் ஈரமும் போதும். காகிதக் கோன் ஊதிவிடும், கம்பி வலை துருப்பிடிக்கும். ஸ்பீக்கர் கெட்டால் போகட்டும், ஆம்ப் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், காரில் போல் கீழே இறங்கிப் பறந்துவிடாது. அதனால்தான் படகு ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் பொறி வெளியே வராதபடி செய்யப்படுகின்றன, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கார்க் கடையில் பாதி விலைக்கு வாங்கிப் பூட்டக் கூடாது. ஆம்ப்பையும் எஞ்சின் அறைக்குள் வைக்காதீர்கள், ஸ்டியரிங் பக்கத்து டாஷுக்குக் கீழே உயரமான, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடம் அந்த ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரை ஓடவிடுவது கனடாவில் சட்டம்.

வாங்குவது படகுக்கென்றே செய்த கிளாஸ் டி மரைன் ஆம்ப்பாக இருக்கட்டும், அது பேட்டரி மின்சாரத்தை வீணாகச் சூடாக்கித் தீர்க்காது. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘பீக்’ (ஒரு கண நேர உச்ச) வாட்ஸை நம்பாமல், தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள். ஸ்பீக்கர் 6.5 அங்குலம் போதும். அதன் முன்புறக் காற்றும் பின்புறக் காற்றும் கலந்தால் பேஸ் என்ற தாழ்ந்த ஒலி செத்துவிடும், ஆகவே ஓட்டையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடையுங்கள். நிறையப் பேர் அதைச் செய்யாமல் இன்னும் பெரிய சப்வூஃபர் தேடுகிறார்கள்!

பாட்டுக்குத் தனி பேட்டரி. 100 ஆம்பியர்-மணி டீப் சைக்கிள் பேட்டரியில் (நெடுநேரம் மெதுவாக மின்சாரம் தருவது) பாதியைத்தான் செலவழிக்கலாம், சராசரி 10 ஆம்பியர் இழுத்தால் 5 மணி நேரம். ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாதீர்கள், நடு ஏரியில் பாட்டோடு நின்றுபோவீர்கள். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் வயர் பேட்டரி ஸ்விட்ச் வழியாகப் போகாமல் நேராகப் பேட்டரிக்கே போகட்டும். ஆம்ப்புக்குப் போகும் கம்பி வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்க வேண்டும், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: புது ஸ்டீரியோ போட்டதிலிருந்து எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலியும் ஏறுகிறது. காம்பஸும் கோணலாகக் காட்டுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– மிசிசாகா வாசகர்

பதில்: வேறு வேறு நோய். கீச்சொலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஸ்டீரியோவுக்கும் ஆம்ப்புக்கும் கிரவுண்ட் (நெகட்டிவ் இணைப்பு) வேறு வேறு இடத்தில் எடுத்திருப்பீர்கள், இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை பவர் வயரோடு சேர்த்துக் கட்டாமல் படகின் மறுபக்கமாக ஓடவிடுங்கள். அநேகமாகப் போய்விடும். காம்பஸைக் குழப்புவது ஸ்பீக்கர் காந்தம். டாஷில் இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தள்ளிப் போங்கள், ஊசி எந்த இடத்தில் அசையாமல் நிற்கிறதோ அதற்கும் அப்பால் பூட்டுங்கள்.