ஆல்கஹால் 3 சதவீதம்தான் என்றால், வீட்டில் காய்ச்சும் டார்க் மைல்ட் என்ற கறுப்பு ஆங்கில பியர் தண்ணீர் மாதிரி இருக்காதா?

இருக்காது, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) ஊறவைக்கும் சூட்டை மட்டும் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால். 2000-ல் பிரிட்டனின் சாம்பியன் பியராகத் தேர்வான மூர்ஹவுஸ் பிளாக் கேட் ஒரு மைல்ட்தான், வெறும் 3.4 சதவீதம். நான் இருப்பது பர்மிங்காமில், வீட்டில் அதிகம் காய்ச்சுவதும் மைல்டைத்தான்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் சொந்தத் தேவைக்குக் காய்ச்ச 1963-லிருந்து உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், அங்கே இருப்பவர்கள் தயவுசெய்து முயல வேண்டாம்.

20 லிட்டருக்கு நான் போடுவது மாரிஸ் ஆட்டர் மால்ட் 2.6 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 250 கிராம், சாக்லேட் மால்ட் 120 கிராம். பெயரில்தான் சாக்லேட், உண்மையில் அது நன்றாகக் கருக வறுத்த பார்லி மால்ட். கறுப்பாக வரட்டும் என்று அதைக் கூட்டிப் போடாதீர்கள், இவ்வளவு லேசான பியரில் கருகல் கசப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

76 டிகிரியில் 8 லிட்டர் தண்ணீரில் மால்ட்டைக் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளறினால் சூடு 69-க்கு இறங்கி நிற்கும், மூடி, கம்பளி சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த 69-தான் எல்லாம். 63, 64-ல் ஊறவைத்தால் மாவுச்சத்து பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையாகிவிடும், பியர் வறண்டு மெலிந்துபோகும். சூடு கூடினால் ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின்கள் (மாவுச்சத்து பாதி உடைந்த துண்டுகள்) நிறைய மிஞ்சும், வாயில் கனமாகத் தெரிவதில் பெரும்பங்கு அதுதான். எங்கள் குழாய்த் தண்ணீர் வேல்ஸின் எலான் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற மென்னீர், அதனால் கொஞ்சம் கால்சியம் குளோரைடு சேர்ப்பேன், சுவை மென்மையாக, நிறைவாக வரும்.

அப்புறம் வடித்து, சக்கையை வெந்நீரில் அலசி, அந்தச் சாற்றையும் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கொதி வந்ததும் கசப்புக்காகச் சேர்க்கும் காய்ந்த பூவான ஹாப்ஸ், அதில் ஃபகிள் என்ற வகை, 30 கிராம், அதோடு சரி, கடைசியில் வாசனைக்கென்று எதுவும் வேண்டாம். ஆறவைத்து விண்ட்சர் என்ற வகை ஈஸ்ட் போட்டு 19 டிகிரியில் விட்டால் நாலைந்து நாளில் நுரை அடங்கும். ஆனாலும் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள், உள்ளே நொதித்து பாட்டில் வெடிக்கும். அடர்த்தி 1.032-ல் தொடங்கி 1.011-ல் நின்றால் ஆல்கஹால் 3-க்குச் சற்றுக் குறைவு. லிட்டருக்கு 3 கிராம் சர்க்கரை போட்டு அடைத்தால் போதும், மைல்டுக்கு மெல்லிய நுரைதான் அழகு.

குடிக்கும்போது தயவுசெய்து ஐஸ் மாதிரி குளிர வைக்காதீர்கள். 12 டிகிரி, அதாவது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். மேசையில் கறுப்பாகத் தெரிகிற கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் மாணிக்கச் சிவப்பு. முதலில் ரொட்டியின் சுட்ட ஓரத்து வாசம், பின்னால் கோகோ, விழுங்கிய பிறகு கருப்பட்டியைப் போல ஒரு இனிப்பு கொஞ்ச நேரம் தங்கும். கசப்பு எங்கேயும் முந்திக்கொண்டு வராது.

ஒரு காலத்தில் மைல்ட் இவ்வளவு லேசானது இல்லை. முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடும் வரியும் சேர்ந்துதான் இங்கிலாந்தின் பியரையே மெலிய வைத்தன. அந்தப் பழைய கனத்தைப் பார்க்க ஆசை இருந்தால் பர்மிங்காமுக்கு அருகே செட்ஜ்லியில் உள்ள பீக்கன் ஹோட்டலில் காய்ச்சும் சாரா ஹியூஸ் டார்க் ரூபியைக் குடித்துப் பாருங்கள், 6 சதவீதம், அருமையான பியர். ஆனால் இரண்டு மூன்று கிளாஸ் குடித்துக்கொண்டே நண்பர்களோடு மாலை முழுக்கப் பேச எனக்கு அந்த 3 சதவீதம்தான் வேண்டும்.

அடைத்து இரண்டு வாரத்தில் தயாராகிவிடும், இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், ஹாப்ஸும் ஆல்கஹாலும் குறைவு என்பதால் நாள்பட வைத்தால் சுவை மங்கிவிடும்.