போலீஸுக்குப் போவதா, கோர்ட்டுக்குப் போவதா? சிறு வியாபாரிகளின் கேள்விகளும் ஒரு வக்கீலின் பதில்களும்

இருபது வருடத்துக்கு மேலாக சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். கடை, பட்டறை, சின்ன மில் வைத்திருப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறவர்கள். இந்த முறை வந்த கேள்விகளிலும் பாதிப் பேர் "ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாமா?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு முதலில் தெரியவேண்டியது வேறு: என்றைக்கு நடந்தது, கையில் என்ன காகிதம் இருக்கிறது? ஊரையும் தொழிலையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற அடையாளங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (திருப்பூர், நிட்டிங் யூனிட்): சார், ஒரு பனியன் கம்பெனிக்குத் துணி ஓட்டிக் கொடுத்ததில் 4,80,000 ரூபாய் பாக்கி. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, எல்லாம் போனும் வாட்ஸ்அப்பும்தான். ஒரு வருடமாக இழுத்தடிக்கிறார். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுதாத ஒப்பந்தம் செல்லாதா?

பதில்: செல்லும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் பொதுவாக எழுத்தைக் கேட்பதில்லை. ஒருவர் கேட்டு மற்றவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏதாவது கைமாற வேண்டும். இருவரும் 18 வயது நிறைந்தவர்களாக, சுயபுத்தியோடு இருக்க வேண்டும். மிரட்டியோ ஏமாற்றியோ சம்மதம் வாங்கியிருக்கக் கூடாது, காரியமும் சட்டவிரோதமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். டீக்கடையில் "ஒரு டீ போடுங்க" என்கிறீர்களே, அதுவும் ஒப்பந்தம்தான்.

உங்கள் தலைவலி நிரூபிப்பதில்தான் இருக்கிறது. டெலிவரி சலானில் அவர்கள் ஆள் போட்ட கையெழுத்து, ஜி.எஸ்.டி. பில், நடுவில் பேங்க் வழியாக அவர் அனுப்பிய ஐம்பதாயிரமோ என்னவோ, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ணா" என்ற வாட்ஸ்அப் செய்தி, இதெல்லாம் சாட்சிதான். போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

ஸ்டேஷனில் சொன்னது எரிச்சலாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் சரி. பணம் தராததாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். துணியை வாங்கும்போதே தருவதில்லை என்ற எண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். இல்லாத கம்பெனியின் பெயரில் ஆர்டர், போலி ஜி.எஸ்.டி. எண், சரக்கு வந்த மறுநாளே பாதி விலைக்குத் தள்ளிவிட்டுத் தலைமறைவு என்றால் அது மோசடி. ஊரெல்லாம் 420 என்று சொல்லும் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவர் எக்ஸ்போர்ட் ஆர்டர் கேன்சலாகி முடங்கிப்போனால், அது வெறும் ஒப்பந்த மீறல்.

உங்களுக்கு இதைவிட நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. துணி கொடுத்த தேதிக்கு முன்பே உங்கள் யூனிட்டுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருந்ததா? இருந்தால், 2006ஆம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, கெடு எதுவும் எழுதிக்கொள்ளாதபோது 15 நாளில் பணம் வந்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளைத் தீர்க்க அந்தச் சட்டத்தில் சொல்லியிருக்கும் வசதியாக்க மன்றத்துக்கு ஆன்லைனிலேயே மனு போடலாம். இந்த வட்டிக் கணக்கைப் போட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பிப் பாருங்கள். எத்தனையோ பேர் அதற்கப்புறம்தான் பேச உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிவில் வழக்கு என்றால் மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அதற்குள் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். மார்ச் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் கேட்கிறார் என்று சொல்லி பாக்கிக் கணக்கில் கையெழுத்து வாங்குவார்கள் பாருங்கள், விவரமான வியாபாரிகள் அதை ஆடிட்டருக்காக மட்டும் வாங்குவதில்லை.

கேள்வி (கரூர், பெட்ஷீட் வியாபாரம்): ஐயா, செக் பவுன்ஸ் ஆகி நாற்பது நாள் ஆகிறது. "மறுபடி போடுங்க, பணம் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் நோட்டீஸ் அனுப்பவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதம் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்றால் இன்றைக்கே மறுபடி பேங்கில் போடுங்கள். திரும்பினால், அந்தத் தகவல் உங்களுக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கைக்குப் போன பிறகு பணம் கட்ட அவருக்கு 15 நாள். கட்டவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்க வழி உண்டு. நோட்டீஸ் தாமதமானால் அந்த வழி கிடையாது. நீங்கள் கோட்டைவிட்டது அங்கேதான். மூன்று மாதம் முடிந்திருந்தால் சிவில் வழக்குதான்.

செக் விஷயம் மட்டும் ஒரு விசித்திரம். கடனைத் தராதது குற்றமில்லை, ஆனால் அந்தக் கடனுக்குக் கொடுத்த செக் திரும்பினால் குற்றம். செக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881இலேயே வந்தது, ஆனால் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் அதன் 138ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்தது 1989 ஏப்ரல் 1இல்தான். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். அதனால்தான் சொல்கிறேன், "சும்மா செக்யூரிட்டிக்கு" என்று தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு.

கேள்வி (சேலம், மெக்கானிக் ஷாப்): 17 வயதுப் பையனிடம் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கி 60,000 கடன் கொடுத்தேன். அவன் அப்பா தர மறுக்கிறார்.

பதில்: அந்தப் பத்திரம் வெறும் காகிதம். 1903இல் மோஹரி பீபி வழக்கில் அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது: மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே இல்லாதது. அந்த வழக்கிலும் கடன் கொடுத்தவருக்குப் பணம் திரும்பவில்லை. அப்பா கையெழுத்துப் போடாதவரை அவரையும் இழுக்க முடியாது.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மா தன் இடத்தைத் தங்கைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார், மாதாமாதம் எனக்கு ஒரு தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தங்கையும் அன்றே எனக்குத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இப்போது "அதுக்கு நீ எனக்கு என்ன குடுத்த?" என்கிறாள்.

பதில்: உங்கள் வீட்டுக் கதையை 1882இலேயே மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்த்து வைத்துவிட்டது! சின்னையா எதிர் ராமையா வழக்கு, சட்டக் கல்லூரியில் முதல் வருடமே படிப்போம். ஒரு மூதாட்டி மகளுக்குச் சொத்தை எழுதி, தன் உடன்பிறப்புக்கு வருடாவருடம் பணம் தரச் சொன்னார். மகளும் எழுதிக் கொடுத்தார், பிறகு உங்கள் தங்கை மாதிரியே கேட்டார். பிரதிபலன், அதாவது வாக்குக்கு ஈடாகக் கைமாறுவது, யாரிடமிருந்து வந்தாலும் போதும், வாக்கு வாங்கியவரே கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. உங்கள் அம்மா கொடுத்த இடமே போதும். இங்கிலாந்துச் சட்டப்படி இதே வழக்கு தோற்றிருக்கும்.

கேள்வி (மதுரை, பலகாரக் கடை): ஒருவர் அரைக் கிலோ மிக்ஸர் வாங்கிப் போய் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே கிடந்த கம்பித் துண்டு அவர் பல்லை உடைத்துவிட்டதாம். அந்த விருந்தாளி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். என்னிடம் வாங்கியவரே அவர் இல்லையே?

பதில்: இங்கேதான் தீங்கியல் சட்டம் வருகிறது. வக்கீல்கள் "டார்ட்" என்போம். ஒப்பந்தத்தில் உங்கள் கடமையை நீங்களே பேசி ஏற்றுக்கொள்கிறீர்கள். தீங்கியலில் யாரும் எதுவும் பேசியிருக்க வேண்டாம். உங்கள் கவனக்குறைவால் யாருக்குக் கெடுதல் வரும் என்று நியாயமாக ஊகிக்க முடியுமோ, அவர்கள் எல்லோரிடமும் உங்களுக்குக் கடமை உண்டு.

இதற்கு வழிகாட்டிய வழக்கில் இருந்ததும் ஒரு விருந்துதான். 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் டொனஹ்யூ என்ற பெண்ணுக்கு அவர் தோழி ஒரு ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத கறுப்பு பாட்டில். கொஞ்சம் குடித்த பிறகு மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை வந்தது என்பது அவர் புகார். காசு கொடுத்தது தோழி, எனவே டொனஹ்யூவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. ஆனாலும் குடிக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் தயாரித்தவர் கவனமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு பிரிட்டனின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1932இல் தீர்ப்பளித்தது. அந்த பாட்டிலில் நிஜமாகவே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை, வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. எத்தனையோ நாடுகளின் சட்டத்தை மாற்றிய நத்தை, இருந்ததா என்றே தெரியாது!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள் அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். "மாஸ்டர் செய்த தப்பு" என்று சொல்லியும் தப்ப முடியாது, வேலையின்போது வேலையாள் செய்ததற்கு முதலாளிதான் பொறுப்பு. பல் டாக்டர் பில் உண்மையானதா என்று பாருங்கள், கம்பி உங்கள் அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரா என்றும் பாருங்கள். ஆமாம் என்றால் கௌரவமாக செலவைக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பீர்கள். அடுத்த பில் புத்தகத்தில் அதை எடுத்துவிடுங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு சொல்லாதபோது, 30 நாள் வரை திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம்.

கேள்வி (ராணிப்பேட்டை): பக்கத்து ஆலையின் ரசாயனத் தொட்டி கசிந்து என் கிணறு கெட்டுவிட்டது. "நாங்க கவனமாத்தான் இருந்தோம்" என்கிறார்கள்.

பதில்: ஆபத்தான பொருளை வைத்துத் தொழில் செய்கிறவருக்கு அந்தப் பதில் கைகொடுக்காது. 1985 டிசம்பரில் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், கவனமாக இருந்தாலும் முழுப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை 1996இல் அழுத்திச் சொன்னதும் உங்கள் பக்கத்துத் தோல் ஆலைகள் சம்பந்தப்பட்ட வேலூர் வழக்கில்தான். தண்ணீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூலம் எடுக்க வையுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு, ஜவுளிக் கடை): குடோனுக்கு ஒரு இடம் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் "கிரயம் வேண்டாம், பவரும் அக்ரிமென்டும் போட்டுக்கலாம், ஸ்டாம்ப் செலவு மிச்சம்" என்கிறார்.

பதில்: வேண்டாம். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்பனை அக்ரிமென்டும் அப்படியே. வாங்கும் உரிமையைத் தரும், சொத்தைத் தராது. பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் சொத்து. பட்டாவைக் காட்டுகிறார் என்று மயங்க வேண்டாம், அது வருவாய்த் துறைக் கணக்கு, உரிமைக்கு அது மட்டும் போதாது. வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். தாய்ப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். "லாக்கரில் இருக்கு, ஜெராக்ஸ் போதும்" என்றால், யாரிடமோ அடமானத்தில் இருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

கேள்வி (நாமக்கல்): என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவர் எதிரிலேயே கடை போட்டுவிட்டார். விலகினால் இதே தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறேன்.

பதில்: ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி அந்த வரி செல்லாது, பிழைப்பைத் தடுக்க முடியாது. உங்கள் கடைப் பெயரை ஒட்டியே அவர் போர்டு வைத்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். பதிவு செய்யாத பெயருக்கும் பாதுகாப்பு உண்டு.

கேள்வி (கோவை, ஹார்டுவேர் கடை): காஷியர் இரண்டு லட்சம் எடுத்துவிட்டான் அண்ணா. ரூமில் உட்கார வைத்து எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தயவுசெய்து கூடாது. பணத்தை ஒப்படைத்த இடத்தில் கையாடியது நம்பிக்கை மோசடி, இது நேராகப் போலீஸ் விஷயம்தான். ஆனால் அவனைப் பூட்டி வைத்த நிமிடத்தில் சட்டவிரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள் மேல் வந்துவிடும், அப்படி வாங்கிய எழுத்தும் நிற்காது. கேமரா பதிவு அழிவதற்குள் எடுத்து வையுங்கள், நாள்வாரியாகக் கணக்கு எழுதி, அதோடு புகார் கொடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): இரண்டு பேர் கூட்டாகத் தொழில் செய்கிறோம். பத்திரம் எழுதினோம், பதிவு செய்யவில்லை. தேவையா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் பதிவில்லாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்கு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மேல் போடலாம்! இந்த வாரமே பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): வக்கீல் நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: தபால்காரர் "வாங்க மறுத்தார்" என்று எழுதி அனுப்பினால், கொடுத்ததாகவே கணக்கு. செக் நோட்டீஸாக இருந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாமல், பணம் கட்டக் கிடைக்கும் 15 நாள் ஓடிப்போவதுதான் மிச்சம்.