தீ வைத்துக் கப்பலேறிய பாட்டி: எந்த ஏட்டில் தேடுவது?

மெல்போர்னிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மருமகள் ஹோபார்ட்டில் பிறந்தவள். சம்பந்தியம்மாவின் பாட்டிக்குப் பாட்டி அயர்லாந்துக்காரியாம், வீட்டுக்குத் தீ வைத்த குற்றத்துக்காக 1849-ல் கைதியாக இங்கே அனுப்பப்பட்டாராம். பேத்திக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சரிபார்க்க வழி உண்டா? பணம் கட்ட வேண்டுமா? சின்னப் பிள்ளையிடம் சொல்லலாமா?"

வழி உண்டு, முக்கால்வாசி இலவசம். நம் பக்கத்தில் கொள்ளுத்தாத்தா பிறந்த வருஷம் தெரிந்தாலே பெரிய விஷயம். ஆனால் தீவாந்தர தண்டனை பெற்றுக் கப்பலேறிய ஒரு ஏழை வேலைக்காரியின் உயரம், கண் நிறம், முகத்து அம்மைத் தழும்பு வரை பிரிட்டிஷ் அரசு எழுதி வைத்திருக்கிறது. ஓடிப்போனால் பிடிக்க அடையாளம் வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினார்கள், இன்று அது உங்களுக்கு உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் கைதி ஆவணங்கள் 2007-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்ந்துவிட்டன.

எல்லோரும் செய்கிற தப்பு, நேரே அயர்லாந்தில் போய்த் தேடுவது. அங்கே அதே பெயரில் ஆயிரம் பிரிஜெட், ஆயிரம் மேரி இருப்பார்கள். சம்பந்தியம்மாவிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஹோபார்ட் இருக்கும் டாஸ்மேனியாவில் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசே பதிவது 1838 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது, அதனால் அந்தப் பாட்டியின் திருமணம் வரைக்கும் போய்ச் சேர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் டாஸ்மேனிய நூலகத்தின் இணையதளத்தில் இருக்கும் பெயர் அட்டவணையில் அவரைத் தேடுங்கள். பெயரோடு கப்பல் பெயரும் வரும், அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு இனிஷியல் எப்படியோ அப்படித்தான் கைதிகளுக்குக் கப்பல். ஒரே பெயர்க்காரர்கள் பத்துப் பேரை அதை வைத்துத்தான் பிரித்தார்கள். வயதை நம்ப வேண்டாம், ஏட்டுக்கு ஏடு மாறும்.

1849-ல் வந்தவர் என்றால் உங்களுக்கு இரண்டு ஏடுகள் முக்கியம். 'கான் 41' (கான், அதாவது CON, கைதி ஆவணங்களின் குறியீடு) நடத்தைப் பதிவேடு, 'கான் 15' வந்திறங்கியபோது எழுதிய விவரப் பட்டியல். இரண்டின் பக்கங்களையும் படமாகவே பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பட்டியலில் சொந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தவர் பெயர்கள் கிடைக்கக்கூடும். நடத்தைப் பதிவேட்டில் எந்த ஊர் நீதிமன்றம், எத்தனை வருஷத் தண்டனை என்பதோடு, என்ன குற்றம் என்று கைதி தன் வாயால் சொன்னதையும் எழுதியிருப்பார்கள். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

ஏனென்றால் 'தீ வைத்தவள்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்துப்போனார்கள். அந்த வருஷங்களில் வேண்டுமென்றே ஒரு குடிசைக்கோ வைக்கோல் போருக்கோ தீ வைத்துவிட்டு, ஓடாமல் நின்று பிடிபட்டு, எங்களைக் கப்பலேற்றுங்கள் என்று கேட்ட பெண்கள் உண்டு. ஊரில் இருந்தால் பட்டினி, கைதியாகப் போனால் மூன்று வேளை சாப்பாடு, தண்டனை முடிந்தால் ஒரு புது ஊர். துணிந்து போட்ட கணக்கு அது.

உங்கள் பாட்டி அந்த ரகமா என்று பார்க்க, எரிந்தது என்ன, உள்ளே ஆள் இருந்தார்களா, அதே நாளில் அதே நீதிமன்றத்தில் வேறு பெண்களும் இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்று அதே கப்பலில் வந்தார்களா என்று தேடுங்கள். கூட்டாளிகள் சேர்ந்து தீ வைத்த வழக்குகள் இருக்கின்றன. ஆனால் வருஷத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள், நிலத்தைவிட்டுத் துரத்தியவன்மேல் இருந்த ஆத்திரத்தில் தீ வைத்தவர்களும் அதே கப்பல்களில்தான் வந்தார்கள்.

ஒரு இருபது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் இந்தக் கணக்கு பலித்திருக்காது. வைக்கோல் போரைக் கொளுத்தினாலே தூக்கு என்று சட்டம் இருந்தது, 1830-ல் இங்கிலாந்தில் நடந்த விவசாயக் கூலிகள் கலவரத்தில் அப்படித் தூக்கில் போட்டும் இருக்கிறார்கள். 1837-ல்தான் அது தளர்ந்தது.

கப்பல் பெயரும் நீதிமன்றமும் கையில் வந்தபிறகு அயர்லாந்துக்குப் போகலாம். அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் நாடுகடத்தல் தரவுத்தளம் இலவசம். 1836-க்கு முந்தைய பதிவேடுகள் 1922-ல் அழிந்துவிட்டன (டப்ளினில் காப்பகமே தீப்பிடித்து எரிந்தது, வேறென்ன சொல்ல), உங்கள் 1849 தப்பிவிட்டது. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. விசாரணைச் செய்தி வந்த அயர்லாந்துப் பத்திரிகைகளைப் பார்க்கத்தான் சந்தா கேட்பார்கள், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியிடம் தாராளமாகச் சொல்லலாம். கைதி வம்சம் என்பதை மறைத்த காலம் போய், ஆஸ்திரேலியர்கள் இப்போது பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பெண் கைதிகளை வந்ததும் ஹோபார்ட்டின் டெர்வென்ட் ஆற்றில் நின்ற 'ஆன்சன்' என்ற பழைய போர்க்கப்பலில் ஆறு மாதம் வைத்து வேலை பழக்கி, பிறகு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். 1844 முதல் 1850 வரை இந்த ஏற்பாடு இருந்ததால் உங்கள் பாட்டியும் அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கு வரைய நல்ல படம்.

பதிவேட்டின் கையெழுத்தைப் படிக்கக் கண் வலிக்கும், சுருக்கெழுத்துகளும் நிறைய வரும். 'டி.எல்.' என்றால் வெளியே வேலை செய்ய அனுமதிச் சீட்டு, 'சி.பி.' என்றால் நிபந்தனையோடு மன்னிப்பு. கல்யாணத்துக்கும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அந்த ஏடு 'கான் 52'. அதில் மாப்பிள்ளை பெயரும் இருக்கும், சம்பந்தியம்மா சொல்கிற குடும்பப் பெயரோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.