தென்னை உச்சிக்கு மேலே எவ்வளவு இடைவெளி?

கேள்வி: தறிக்கூடத்தின் இணைய இணைப்பை 12 கி.மீ. தள்ளியுள்ள எங்கள் தோட்டத்துச் சாளைக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாக்கள் வழியே கொண்டுசெல்ல எண்ணுகிறோம். மொட்டைமாடியிலிருந்து தொலைநோக்கியில் சாளை தெரிகிறது. சிக்னல் போதுமா?
– வாசகர், சென்னிமலை

பதில்: கணக்குப்படி போதும். தடையற்ற வெளியில் இத்தொலைவுக்குச் சுமார் 129 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் குறிக்கும் அலகு) இழப்பு ஏற்படும். கருவியின் வெளியீட்டை 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் திறன்) என்றும், ஆன்டெனாக்களின் ஆதாயத்தை, அதாவது அலையை ஒரே திசையில் குவிப்பதால் கிடைக்கும் கூடுதலை, தலா 23 டெசிபல் என்றும், கேபிள் இழப்பை மொத்தம் 2 டெசிபல் என்றும் கொண்டால், மறுமுனைக்கு ஏறத்தாழ −71 டிபிஎம் வந்து சேரும். நீங்கள் விரும்பும் வேகத்துக்குக் கருவியின் விவரத்தாள் கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட இது 10 டெசிபலாவது கூடுதலாக இருப்பது நல்லது.

ஆனால், கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை; ஃபிரனெல் மண்டலம் எனப்படும் அதன் பரவல், நடுவழியில் 12 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆரம் கொண்டது. அதில் 60 விழுக்காடாவது, அதாவது ஏழரை மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். வரைபடத்தைக் கொண்டு அளந்தால், பூமியின் வளைவுக்காக மேலும் 2 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையால் இந்த அலைவரிசையில் இழப்பு சொற்பமே. வழியிலுள்ள இளந்தென்னைகள்தான் கவலைக்குரியவை. கம்பத்தின் உயரத்தை அவற்றின் இன்றைய உச்சியை வைத்து அல்லாமல், பத்தாண்டு வளர்ச்சியையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.