ரோமத்துக்காக வளர்க்கும் விலங்குகளும் தாது உப்பும்: கேள்வி பதில்

கேள்வி: முயல் சுண்ணாம்பு கரைத்த மாதிரி சிறுநீர் விடுகிறது. கால்சியம் குறைவா?

பதில்: இல்லை. கொஞ்சம் கலங்கலாக வருவது முயலுக்கு இயல்பு. மற்ற விலங்குகளின் குடல் தேவையைப் பார்த்துத்தான் கால்சியத்தை எடுக்கும், முயல் குடலோ தீவனத்தில் இருப்பதற்கேற்ப எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். மற்ற பாலூட்டிகளில் 2 சதவீதத்துக்கும் குறைவாகச் சிறுநீரில் போவது, முயலில் 45 முதல் 60 சதவீதம். வளரும் முயலுக்குத் தீவனத்தில் 0.4 சதவீதம் கால்சியம் இருந்தாலே எலும்புக்குப் போதும், பசுந்தீவனமான குதிரைமசாலில் 1 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது. அதற்கு மேலும் கால்சியப் பொடி போட்டால் சிறுநீர்ப்பையில் மண்டி தங்கிக் கல்லாகும். களிம்பு மாதிரி வந்தாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

கேள்வி: முயலுக்கு உப்புக்கட்டி தொங்கவிடலாமா?

பதில்: முழுமையான குச்சித் தீவனம் கொடுத்தால் அதிலேயே உப்பு இருக்கிறது. கட்டி கூண்டுக் கம்பியைத்தான் துருப்பிடிக்க வைக்கும்.

கேள்வி: மிங்க் (கீரி போன்ற, ரோமத்துக்காக வளர்க்கும் விலங்கு) குட்டிகளின் மேல்ரோமம் கறுப்பு. ஊதிப் பார்த்தால் உள்ரோமம் பஞ்சாக வெளுத்திருக்கிறது, ஈறும் வெளிறியிருக்கிறது. இரும்புச்சத்து கலந்தும் பலனில்லை.

பதில்: என்ன மீன் போடுகிறீர்கள்? காட் (cod) என்ற கடல் மீன் குடும்பத்து மீன்களைப் பச்சையாக அரைத்துப் போட்டால் இதுதான் நடக்கும். அந்த மீன்களில் உள்ள ட்ரைமெத்தில்அமீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள், உறைநிலையில் வைத்திருக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்ற நச்சாகவும் உடைகிறது. இவை இரும்பைக் குடலில் சேரவிடாது. ரத்தசோகை வரும், உள்ரோமத்துக்கு நிறம் ஏறாது. மீனை வேகவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே வெளுத்து வளர்ந்த ரோமம் கறுக்காது, அடுத்த ரோமம் முளைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இரும்பு சேரவில்லை என்றால் இரண்டு மடங்காகப் போட வேண்டியதுதானே?

பதில்: வேண்டாம். இரும்பு உப்பு கூடினால் தீவனக் கொழுப்பு சிக்குப் பிடிக்கும், அதோடு வைட்டமின் ஈயும் அழியும். ஒரு குறையை மூடப் போய் இன்னொன்றைத் திறந்துவிடுவீர்கள்.

கேள்வி: காட்டில் மிங்க் பச்சையாகத்தானே தின்கிறது? வேகவைத்தால் சத்து போய்விடும்.

பதில்: காட்டு மிங்க் தவளை, எலி, நண்டு, ஆற்று மீன் என்று மாற்றி மாற்றித் தின்கிறது. மாதக்கணக்கில் உறைநிலையில் கிடந்த ஒரே கடல் மீனைத் தினமும் தின்பதில்லை. வேகவைத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சில மீன்களில் தயமினை (வைட்டமின் பி1) அழிக்கும் நொதி இருக்கிறது, 1930களில் அமெரிக்க நரிப் பண்ணைகளில் பச்சை மீன் தின்ற நரிகளுக்குப் பக்கவாதம் வந்ததே அதனால்தான். வெப்பத்தில் அந்த நொதி செத்துப்போகும். பச்சைதான் இயற்கை என்று பிடிவாதம் பிடித்து அடுத்த ஈற்றுக் குட்டிகளையும் பலி கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: நரிக்குட்டிகளுக்குக் கால் வளைகிறது. வெறும் இறைச்சிதான் கொடுக்கிறோம்.

பதில்: அதுதான் காரணம். இறைச்சியில் கால்சியத்தைப் போல 15 மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கும். குட்டிக்கு இரண்டும் சமமாக, அல்லது கால்சியம் இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். எலும்போடு சேர்த்து நைசாக அரையுங்கள். வைட்டமின் டியை இஷ்டத்துக்கு ஊற்றாதீர்கள், சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

கேள்வி: தாமிரம் போட்டால் ரோமம் கறுக்குமாமே, எத்தனை ஸ்பூன்?

பதில்: ஸ்பூன் கணக்கு சொல்ல மாட்டேன். தராசு வாங்குங்கள். தாமிரக் குறைவால் நிறம் மங்குவது உண்மை, அதிகமானால் கல்லீரலில் சேர்ந்து கொல்லும் என்பதும் உண்மை. அப்புறம், தாமிரம் சேர்த்த தீவன மிச்சத்தைச் செம்மறி ஆட்டுக்குப் போடாதீர்கள், செத்துப்போகும்.

கேள்வி: முயல் சிறுநீர் வெள்ளையாக வருகிறது, எவ்வளவு கால்சியம் போடலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பால் கொடுக்கும் மிங்க் தாய் இளைத்துத் தள்ளாடுகிறது.

பதில்: பாலோடு சோடியம் போய்விடுகிறது. தீவனத்தில் 0.5 சதவீதம் உப்பு சேர்ப்பது வழக்கம். ஆனால் தண்ணீர்க் குழாயைத் தினமும் கையால் அழுத்திப் பாருங்கள், அடைத்திருந்தால் அதே உப்பு விஷமாகிவிடும்.

கேள்வி: சின்சில்லாவின் (ரோமத்துக்காக வளர்க்கும் சிறு கொறிவிலங்கு) பல் ஆரஞ்சு நிறம். கறையா?

பதில்: கறை இல்லை, ஆரோக்கியமான பல்.

கேள்வி: மிங்க் கேள்வி கேட்டவன்தான். சரி, இரும்பை நிறுத்திவிட்டேன். இவ்வளவு மீனை வேகவைக்கப் பாத்திரம் இல்லையே?

பதில்: அப்படியென்றால் மீனை மாற்றுங்கள். காட் குடும்பம் அல்லாத மீனோ கோழி இறைச்சிக் கழிவோ பாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஈறு நிறத்தை எழுதுங்கள்.