மரம் வெட்டும் தொழிலைத் தொடங்குகிறவர் அடுத்து வாங்க வேண்டியது சிப்பரா, தூக்கு வண்டியா?

ஒரு செயின்சா, ஒரு சிறு லாரி, மரமேறத் தெரிந்த நண்பர் ஒருவர் என்ற நிலையில் தொழிலைத் தொடங்கியிருப்பதாகவும், அடுத்துக் கிளைகளை நொறுக்கும் சிப்பர் இயந்திரத்தை வாங்குவதா, ஆள் ஏறும் கூடை பொருத்திய தூக்கு வண்டியை வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மரமேறிகளின் குழு ஒன்றை நடத்துபவன் என்ற முறையில் என் பதில், இரண்டையும் சற்றுத் தள்ளிவையுங்கள் என்பதுதான். இன்னொரு முழு ஏறும் கருவித் தொகுப்பையும், அதைப் போட்டுக்கொண்டு மேலே போகத் தெரிந்த இரண்டாவது ஆளையும் முதலில் தேடிக்கொள்ளுங்கள்.

மேலே இருப்பவர் கையை அறுத்துக்கொண்டாலோ, முறிந்த கிளை தலையில் அடித்து மயங்கினாலோ, அவரைக் கீழே இறக்க வேண்டியவர்கள் அந்த இடத்தில் ஏற்கெனவே நிற்பவர்கள்தான். இடுப்புப் பட்டையில் அசைவின்றித் தொங்குபவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, வேறு காயமே இல்லாவிட்டாலும் விரைவில் உயிருக்கு ஆபத்து நேரலாம். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க அந்த நேரம் போதாது. எனவே இரண்டாவது தொகுப்பு லாரியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காமல், மரத்தடியில் பிரித்துத் தயாராக இருக்க வேண்டும். பெருங்காயத்துக்கான அழுத்தக் கட்டும், இரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டையும் ஏறுபவரின் இடுப்பிலேயே இருக்க வேண்டும்.

செயின்சாவைப் பற்றிப் பலரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாள்தகட்டின் முனையில், மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் இயந்திரம் பிடிப்பவரின் முகத்தை நோக்கித் துள்ளும். முன்கைக் காப்போடு இணைந்த சங்கிலி பிரேக் அதற்காகத்தான் இருக்கிறது, ஆகவே தினமும் வேலை தொடங்கும் முன் அதைச் சோதிக்க வேண்டும். வெட்டுத்தடுப்புக் கால்சட்டை வாங்கும்போது ஐஎஸ்ஓ 11393 தரத்தின் வகுப்பைப் பாருங்கள்: வகுப்பு 1 என்பது நொடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2 என்பது 24 மீட்டர், வகுப்பு 3 என்பது 28 மீட்டர் சங்கிலி வேகத்தில் சோதிக்கப்பட்டது. அந்தத் துணி வாளை எதிர்த்து நிற்பதில்லை. உள்ளே இருக்கும் நீண்ட இழைகள் வெளியே இழுபட்டுப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்துகின்றன. ஒரு முறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்து மீண்டும் அணியக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. தரையில் நிற்பவருக்கு முன்பக்கக் காப்பு போதும். மரத்தில் எந்தப் பக்கம் கால் போகும் என்று சொல்ல முடியாததால், ஏறுபவருக்குச் சுற்றிலும் காப்பு வேண்டும். மின்கலத்தில் ஓடும் செயின்சாக்கள் காதுக்கும் கைக்கும் இதமானவை, ஆனால் விசையை அழுத்தும்வரை சத்தமே இல்லாததால், இயந்திரம் அணைந்திருக்கிறதா இல்லையா என்பது அருகில் நிற்பவருக்குத் தெரியாது.

என் கவலை பெரும்பாலும் தனித்தனிக் கருவிகளைப் பற்றியது அல்ல. நல்ல நிலையில் உள்ள செயின்சாவும், நல்ல கயிறும், நல்ல சிப்பரும் தனியே பார்த்தால் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். ஒன்று மற்றொன்றைத் தொடும் இடத்தில்தான் ஆள் சாகிறார். செயின்சாவும் கயிறும் சந்திப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் வெட்டும்போது இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும் என்பதும், தண்டைச் சுற்றிப் போட்டு இடுப்புப் பட்டையில் மாட்டும் இடுப்புக் கயிறு எஃகுக் கம்பி உள்ளே ஓடுவதாக இருந்தால் நல்லது என்பதும் இதற்காகவே. எஃகு உள்ள கயிறும் முழு வேகத்தில் ஓடும் சங்கிலிக்கு முன் நிற்காது. ஒரு கணம் அவகாசம் தரும், அவ்வளவுதான். மின்கம்பிக்கு அருகே போவதானால் இந்த வகை இடுப்புக் கயிறே இன்னொரு ஆபத்தாகிவிடும்.

சிப்பரும் கயிறும் சந்திப்பது இதைவிடக் கொடியது. தொழில்முறை சிப்பர்களின் உருளைகள் நிமிடத்துக்கு 30 மீட்டர் அளவில், அதாவது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில், கிளையை உள்ளே இழுக்கின்றன. கயிறு ஒன்று அந்தக் கிளையோடு உள்ளே போய்க் கத்திகள் சுழலும் உருளையில் மாட்டினால், அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுற்றப்படும். அந்தக் கயிற்றின் மறுமுனை மரத்தில் இருக்கும் ஆளின் இடுப்பில் இருந்தால் என்னவாகும் என்பதை விவரிக்க நான் விரும்பவில்லை. ஆகவே ஏறும் கயிற்றின் வால் மண்ணில் இழுபடாமல் பைக்குள் போக வேண்டும், கயிறு தொங்கும் மரத்தடியிலிருந்து சிப்பர் விலகி நிற்க வேண்டும், கிளை ஊட்டுபவர் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் அருகே வர வேண்டும். அகன்ற மணிக்கட்டுள்ள கையுறையும் தளர்ந்த சட்டையும் கூடாது. கிளையின் தடித்த அடிப்பக்கத்தை முதலில் நுழைத்து, பக்கவாட்டில் நின்றபடி, உருளை பிடித்தவுடன் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல் நீண்ட கிளை ஒன்றால் தள்ள வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் கத்திகள் கணிசமான நேரம் சுழன்றுகொண்டிருக்கும் என்பதால், அவை முழுவதுமாக நின்று, சாவியும் எடுக்கப்படும்வரை மூடியைத் திறக்கக்கூடாது.

தூக்கு வண்டியைப் பற்றிய ஆசை எனக்குப் புரிகிறது. பட்டுப்போன, உள்ளே உளுத்த மரத்தில் கயிறு கட்ட நம்பகமான இடம் கிடைக்காதபோது அதற்கு ஈடில்லை. ஆனால் கூடைக்குள் நிற்பவர் தரையில் நிற்பது போன்ற நினைப்பில் பட்டை மாட்டாமல் இருந்துவிடுகிறார். விழும் கிளை கூடையைத் தாங்கும் கைத்தூணில் மோதினாலோ, வண்டி சாயாமல் தாங்கும் ஊன்றுகால் மண்ணில் புதைந்தாலோ, கூடை துள்ளி அவரை வெளியே வீசிவிடும். குட்டையான பட்டையால் கூடையின் பிணைப்பு வளையத்தோடு இணைத்துக்கொள்வதும், ஊன்றுகால்களின் கீழ் அகன்ற பலகை இடுவதும் தவிர்க்க முடியாதவை. மின்கம்பிகளைப் பொறுத்தவரை, வண்டி எவ்வளவு காப்பிடப்பட்டதாக இருந்தாலும், அதற்கெனப் பயிற்சி பெறாதவர் குறைந்தது 3 மீட்டர் விலகியே இருக்க வேண்டும் என்பதே என் விதி; உயர் மின்னழுத்தத்துக்கு இந்தத் தூரமும் போதாது. ஈரமான கிளை கம்பியைத் தொட்டால் மரமே மின்கடத்தியாகிவிடும். கம்பி அறுந்து வண்டியின் மேல் விழுந்துவிட்டால் ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைச் சேர்த்தபடியே நகர்ந்து விலக வேண்டும்.

லாரியைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 50 செ.மீ. விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள பச்சைத் தண்டு ஒன்று ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ வரை இருக்கும். இத்தகைய துண்டுகள் ஐந்தாறு ஏறினால், சிறு லாரியின் சுமைத்தளம் பாதிகூட நிறையாமலே அனுமதித்த எடையைத் தாண்டிவிடலாம். அதே துண்டைக் கப்பி வழியாகக் கயிற்றில் இறக்கும்போது, கப்பி கட்டிய கிளையின் மீது ஏறத்தாழ இரு மடங்கு சுமை விழும். சிறிது தூரம் விழுந்து வெடுக்கென நின்றால் அது இன்னும் பெருகும்.

எனவே வரிசை எனக்குத் தெளிவாக இருக்கிறது: மீட்புத் தொகுப்பும் ஆளும் பயிற்சியும் முதலில், பிறகு சிப்பர், தூக்கு வண்டியைத் தேவைப்படும் நாளில் இயக்குபவரோடு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். பழைய சிப்பரைப் பார்க்கப் போனால் கத்திகளைப் பார்க்கும் முன், ஊட்டு வாயைச் சுற்றியுள்ள நிறுத்துத் தண்டை இயந்திரம் ஓடும்போதே தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உருளைகள் உடனே நிற்காவிட்டாலோ, அந்தத் தண்டைக் கம்பியால் கட்டிவைத்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அந்த உரிமையாளர் மற்ற பாகங்களையும் அப்படித்தான் வைத்திருப்பார்.